நீல உடையும் நிறக் கோடும்

துப்பறியும் கதையை இலக்கியமாக மதிப்பதா என்னும் வழக்கு நம் வகுப்பறைகளில் இன்னும் தீர்ந்தபாடில்லை. சங்கர்லால் தேநீர் அருந்திக்கொண்டே கொலையாளியைக் கண்டுபிடித்த கதைகளைப் பாடநூலுக்கு நடுவில் மறைத்து வைத்துப் படித்தவர்களே, பின்னாளில் ஆசிரியர் பதவிக்கு வந்ததும் அவற்றைப் ‘பொழுதுபோக்கு’ என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகின்றனர். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லும் தகுதி வரலாற்று ஆசிரியனாகிய எனக்கு இல்லை. ஆனால் ஒரு நகரத்தின் அரசியலைப் பாடநூல் சொல்லத் தயங்கும் இடத்தில் ஒரு துப்பறியும் படம் சொல்லிவிடுவதுண்டு. அத்தகைய படம் ஒன்றை மாணவர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் எடுத்துக்கொண்ட படம் 1995ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ‘டெவில் இன் எ புளூ டிரஸ்’. தமிழில் ‘நீல உடையில் ஒரு சாத்தான்’ எனலாம். வால்ட்டர் மோஸ்லி 1990இல் வெளியிட்ட நாவலைத் தழுவி, கார்ல் பிராங்கிளின் திரைக்கதை எழுதி இயக்கினார். நாவலாசிரியர், இயக்குநர், நாயகனாக நடித்த டென்ஸல் வாஷிங்டன் ஆகிய மூவரும் கறுப்பினத்தவர். கதை நிகழும் காலம் 1948ஆம் ஆண்டின் கோடை. இடம் லாஸ் ஏஞ்சலீஸ் நகரம். அந்த ஆண்டையும் அந்தப் பருவத்தையும் மாணவர்கள் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். காரணம் பின்னர் விளங்கும்.

கதைச் சுருக்கம் இது. எஸெக்கியல் ராலின்ஸ் என்பவனை எல்லோரும் ‘ஈஸி’ என்றே அழைக்கின்றனர். டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டனிலிருந்து வந்தவன். இரண்டாம் உலகப் போரில் போரிட்டுத் திரும்பியவன். விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்து, அந்த வேலையையும் இழந்து நிற்பவன். வீட்டுக் கடனுக்குத் தவணை பாக்கி. ஜாப்பி என்னும் நண்பனின் மதுக்கடையில் அவன் உட்கார்ந்திருக்கும்போது ஆல்பிரைட் என்ற வெள்ளையன் உள்ளே வருகிறான். டாஃப்னி மோனே என்னும் பெண்ணைத் தேடிக் கண்டுபிடித்தால் நூறு டாலர் தருவதாகச் சொல்கிறான். அவள் டாட் கார்ட்டர் என்ற பெருஞ்செல்வனின் காதலி. மேயர் பதவிக்குப் போட்டியிட்ட கார்ட்டர் திடீரென்று விலகிக்கொண்டான். மாத்யூ டெரல் என்பவன் களத்தில் நிற்கிறான். டாஃப்னி கறுப்பர் கூடும் இசை விடுதிகளுக்கு வந்து போகிறவள். ஆகவே அவளைத் தேட ஒரு கறுப்பன் தேவைப்படுகிறான். ஈஸி தேடத் தொடங்கிய மறுநாளே, அவனுக்குத் துப்புக் கொடுத்த கொரெட்டா என்ற பெண் கொலையுண்டு கிடக்கிறாள். காவல்துறை அவனையே பிடித்து அடிக்கிறது. அதன் பிறகு நூறு டாலரைப் பற்றிய பேச்சு போய், உயிரைக் காத்துக்கொள்ளும் பேச்சு ஆகிவிடுகிறது.

யார் யாரைக் கொன்றார் என்பதை நான் இங்கே அவிழ்க்கப் போவதில்லை. இன்னொரு மர்மத்தை அவிழ்த்தாக வேண்டும்; அதைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றி ஒன்றுமே சொல்ல முடியாது. அதற்கு முன், மதுக்கடையின் வாசலில் சற்று நிற்போம்.

துப்பறியும் இலக்கியம் பயில்வோர் ரேமண்ட் சாண்ட்லரின் பெயரை அறிவர். அவர் 1940இல் எழுதிய ‘ஃபேர்வெல், மை லவ்லி’ என்ற நாவலும் இதே நகரத்தின் சென்ட்ரல் அவென்யூவில்தான் தொடங்குகிறது. சிறையிலிருந்து மீண்ட மூஸ் மலாய் என்ற வெள்ளையன், கறுப்பர்களின் மதுக்கடை ஆகிவிட்ட பழைய இடத்தில் நுழைந்து கடை மேலாளரைக் கொன்றுவிடுகிறான். இறந்தவன் கறுப்பன் என்பதால் காவல்துறை அந்தக் கொலையில் அக்கறை கொள்ளவில்லை. சாண்ட்லர் இதை மறைக்கவில்லை. கசப்போடு குறிப்பிடவே செய்கிறார். ஆனால் கதை அந்தப் பிணத்தைத் தாண்டி வெள்ளையர்களின் மாளிகைகளை நோக்கிப் போய்விடுகிறது. அந்தக் கடையில் அமர்ந்திருந்தவர்கள் என்ன ஆனார்கள், மறுநாள் யார் கடையைத் திறந்தார்கள் என்று சாண்ட்லரின் துப்பறிவாளன் பிலிப் மார்லோ கேட்பதில்லை.

மோஸ்லியும் பிராங்கிளினும் கேமராவை அந்தக் கடைக்குள்ளே வைத்துவிட்டார்கள். வாசலில் வந்து நிற்கும் வெள்ளையனை உள்ளிருந்து பார்க்கிறோம். பார்வையின் திசை மாறியதும் கதையின் நியாயமே மாறிவிடுகிறது. நாற்பதுகளில் வந்த குற்றப் படங்களுக்குப் பிரெஞ்சு விமர்சகர்கள் ‘ஃபிலிம் நுவார்’ என்று பெயரிட்டனர். அச்சொல்லின் நேர்ப்பொருள் ‘கறுப்புப் படம்’. அந்தக் கறுப்புப் படங்களில் கறுப்பு மனிதர்கள் பெரும்பாலும் பெட்டி தூக்குபவராகவோ பியானோ வாசிப்பவராகவோ மட்டுமே வந்து போயினர் என்பது சிரிப்பதா வருந்துவதா என்று தெரியாத ஒரு செய்தி.

இனி ஈஸியின் வீட்டுக்கு வருவோம். இந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் அந்த வீடுதான். சிறிய வீடு, முன்னால் ஒரு திண்ணை, கொஞ்சம் புல்தரை, சில மரங்கள். தெருவில் ஒருவன் கோடரியோடு திரிந்துகொண்டு, யார் வீட்டு மரத்தையாவது வெட்டிவிடத் துடிக்கிறான். அவனை விரட்டுவதே அத்தெருவாருக்கு அன்றாட வேலை. மற்றத் துப்பறிவாளர்களுக்கு வாடகை அலுவலகமும் ஒரு புட்டி மதுவும் போதும். ஈஸி இந்த ஆபத்தான வேலையை ஏற்றதே வீட்டைக் காப்பாற்றத்தான். ஒரு வீட்டுக்காக இவ்வளவா என்று நினைப்போர் அந்த நகரத்தின் கிரயப் பத்திரங்களைப் பற்றிச் சற்று அறிய வேண்டும்.

லாஸ் ஏஞ்சலீஸில் 1940இல் ஏறத்தாழ 63 ஆயிரம் கறுப்பர்கள் வாழ்ந்தனர். 1950இல் அந்தத் தொகை 1 லட்சத்து 71 ஆயிரமாயிற்று. போர்க்காலத்தில் விமானத் தொழிற்சாலைகளும் கப்பல் தளங்களும் ஆள் தேடின. பாதுகாப்புத் தொழில்களில் நிறம் பார்த்து வேலை மறுக்கக் கூடாது என்று அதிபர் ரூஸ்வெல்ட் 1941இல் ஆணை பிறப்பித்தார். டெக்சாஸிலிருந்தும் லூசியானாவிலிருந்தும் குடும்பங்கள் ரயிலேறி வந்தன. வேலை கிடைத்தது; குடியிருக்க இடம் கிடைக்கவில்லை. நகரின் பெரும்பகுதி மனைகளின் பத்திரங்களில், ‘வெள்ளையர் அல்லாதார்க்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது’ என்னும் பொருளில் நிபந்தனை எழுதப்பட்டிருந்தது. வேலைக்காரராக அதே வீட்டில் தங்கலாம். உரிமையாளராகத் தங்கக் கூடாது.

சினிமா மாணவர்களுக்கு ஒரு செய்தி. ‘கான் வித் த விண்ட்’ படத்தில் பணிப்பெண்ணாக நடித்து 1940இல் ஆஸ்கார் பரிசு பெற்ற ஹாட்டி மெக்டேனியல், இந்த நகரில் நல்ல வீடொன்றை வாங்கிக் குடியேறினார். அண்டை வீட்டு வெள்ளையர் சிலர் பத்திர நிபந்தனையைக் காட்டி வழக்குத் தொடுத்தனர். 1945இல் நீதிமன்றம் அவர்கள் வழக்கைத் தள்ளிவிட்டது. திரையில் வெள்ளையர் வீட்டில் ஊழியம் செய்தவருக்குப் பரிசு தந்த ஊர், அவர் தம் சொந்த வீட்டில் இருக்க வழக்காட வைத்தது. மெக்டேனியலுக்காக வாதாடிய லோரன் மில்லர் என்ற கறுப்பு வழக்கறிஞர், பின்னர் உச்ச நீதிமன்றத்திலும் இத்தகைய வழக்கில் வாதிட்டார். அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948 மே மாதம் தீர்ப்பளித்தது. ‘ஷெல்லி எதிர் கிரேமர்’ வழக்கு என்று அதைச் சொல்வர்.

அதாவது, ஈஸி ராலின்ஸ் தன் திண்ணையில் உட்கார்ந்து தவணைப் பாக்கியை எண்ணிக் கவலைப்படும் அந்தக் கோடைக்குச் சில வாரங்கள் முன்புதான் இத்தீர்ப்பு வந்திருக்கிறது. படத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. இருக்க வேண்டியதுமில்லை. தன் புல்தரையில் பிறர் காலடி படுவதை அவன் பார்க்கும் பார்வையே போதும். ஆல்பிரைட்டின் ஆட்கள் அழையாமலே அவன் வீட்டுக்குள் புகுந்து அவன் சமையலறையில் நிற்கும்போது அவன் அடையும் சினம், அடி வாங்கும்போது அடையும் சினத்தைவிடப் பெரிதாக எனக்குத் தோன்றியது.

பெயர் என்பதும் அவனுக்கு வீட்டைப் போன்றதே. இழந்த வேலையைத் திரும்பக் கேட்கச் சென்ற இடத்தில் மேலாளன் அவனை ‘ஏய், அப்பனே’ என்பது போன்ற ஒரு பொதுச் சொல்லால் அழைக்கிறான். ஈஸி கெஞ்சப் போனவன். ஆயினும் தன் முழுப்பெயரைச் சொல்லித் திருத்திவிட்டு வெளியேறுகிறான். வேலை போனது போனதுதான். இந்தக் காட்சி மிகச் சிறியது. ஆனால் பின்னால் வரும் பெண்ணுக்கு இரண்டு பெயர்கள் இருப்பதை நாம் அறியும்போது இதை மறக்காமல் இருக்க வேண்டும்.

ஈஸியின் நிறமே அவனுடைய மூலதனம். அதுவே அவனுடைய ஆபத்தும் ஆகும். வெள்ளைத் துப்பறிவாளன் நுழைய முடியாத விடுதிகளில் அவன் நுழைகிறான். அங்கே அவனுக்கு ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். ஹூஸ்டனில் பழகிய முகங்கள் இருக்கின்றன. ஆனால் கடற்கரையில் ஆல்பிரைட்டுக்காகக் காத்து நிற்கும்போது ஒரு வெள்ளைச் சிறுமி வந்து பேச்சுக் கொடுத்ததும் அவன் உடல் சுருங்குகிறது. நொடியில் வெள்ளை இளைஞர்கள் சூழ்ந்துகொள்கின்றனர். இன்னோர் இரவு, டாஃப்னியைக் காரில் ஏற்றிக்கொண்டு வெள்ளையர் குடியிருப்பின் மலைச்சாலையில் செல்கிறான். கொலை நடந்த வீட்டைக் காணும் முன்பே அவன் நடுங்குகிறான். இருட்டில் ஒரு கறுப்பன் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பெண். இதைக் காவலர் ஒருவர் பார்த்தால் அதற்குமேல் சாட்சி வேண்டியதில்லை.

பக்கத்தில் இருந்தவள் வெள்ளைப் பெண்ணே இல்லை என்பதுதான் நான் அவிழ்ப்பதாகச் சொன்ன மர்மம்.

அவளுடைய உண்மைப் பெயர் ரூபி ஹாங்க்ஸ். தந்தை வெள்ளையர், தாய் லூசியானாவின் கலப்பினத்தவர். கறுப்பனாகவே வாழும் ஓர் அண்ணன் உண்டு. ஒரு துளி கறுப்பு ரத்தம் இருந்தாலும் கறுப்பரே என்பது அந்நாட்டில் சட்டமும் வழக்கமும் சேர்ந்து வகுத்த கணக்கு. நிறம் வெளுத்திருந்ததால் அவள் தன் பிறப்பை மறைத்து வெள்ளைப் பெண்ணாக வாழ்ந்தாள். டெரல் அதைக் கண்டுபிடித்தான். அதைக் காட்டி மிரட்டித்தான் கார்ட்டரைத் தேர்தலிலிருந்து விலகச் செய்தான். டாஃப்னியும் சும்மா இருக்கவில்லை. டெரல் சிறு குழந்தைகளைத் தகாத முறையில் பயன்படுத்துபவன் என்பதற்குச் சான்றான புகைப்படங்களைப் பணம் கொடுத்து வாங்கினாள். எல்லோரும் தேடியது அந்தப் படங்களைத்தான்.

இந்தப் படத்தின் அரசியல் முழுவதும் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. தராசின் ஒரு தட்டில் குழந்தைகளுக்கு இழைக்கப்பட்ட கொடுங்குற்றம். இன்னொரு தட்டில் ஒரு பெண்ணின் தாயுடைய நிறம். முன்னது குற்றம், பின்னது வெறும் பிறப்பு. அந்த நகரத்தின் தேர்தல் சந்தையில் இரண்டும் ஒரே எடை! இதனை ஒன்றுக்கொன்று ஈடாக வைத்துப் பேரம் பேச முடிகிறது. பேரம் பேசுகிறவர்கள் யாருக்கும் அதில் வியப்பும் இல்லை. இயக்குநர் இதற்கு எந்த விளக்கவுரையும் சேர்க்கவில்லை. கதையின் முடிச்சை அப்படியே நம் கையில் கொடுத்துவிடுகிறார்.

டெரல் வீழ்ந்த பிறகும் கார்ட்டர் அவளை மணக்கவில்லை. காதலிக்கிறான், கண்ணீர் விடுகிறான், ஆனால் முடியாது என்கிறான். இதைக் கோழைத்தனம் என்று ஒரு மாணவர் வகுப்பில் சொன்னார். கோழைத்தனந்தான், எனினும் வரலாற்றையும் பார்க்க வேண்டும். கலிபோர்னியாவில் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் திருமணம் 1850 முதல் சட்டப்படி செல்லாது. அச்சட்டத்தை அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 1948 அக்டோபர் முதல் நாள், நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் தள்ளியது. வழக்குத் தொடுத்தவர் ஆண்ட்ரியா பெரஸ் என்னும் மெக்சிக்க அமெரிக்கப் பெண். சட்டத்தின் கணக்கில் அவர் வெள்ளையர். அவர் மணக்க விரும்பிய சில்வெஸ்டர் டேவிஸ் கறுப்பர். இருவரும் பழகியது லாக்ஹீட் விமானத் தொழிற்சாலையில், வேலைத்தலத்தில். லாஸ் ஏஞ்சலீஸ் மாவட்ட அலுவலகம் திருமண உரிமச் சீட்டுக் கொடுக்க மறுத்தது. அந்த மறுப்பிலிருந்து பிறந்ததே அத்தீர்ப்பு. அமெரிக்கா முழுவதற்குமான தீர்ப்பு வர 1967 வரை பொறுத்திருக்க வேண்டியதாயிற்று.

படம் கோடையில் நிகழ்கிறது. தீர்ப்பு அக்டோபரில் வருகிறது. இடையில் சில வாரங்களோ சில மாதங்களோதான். வேறு மாநிலத்தில் முறைப்படி நடந்த கலப்பு மணத்தைக் கலிபோர்னியா அதற்கு முன்பும் ஏற்றுக்கொண்டது என்பதையும் நினைவிற்கொள்க. எனவே கார்ட்டர் மணந்திருக்கலாம். மேயராகத்தான் ஆகியிருக்க முடியாது. அவன் தேர்ந்தெடுத்தது எதை என்பது தெளிவு. ஒரு தொழிலாளிப் பெண்ணும் அவள் காதலனும் நீதிமன்றம் வரை போய் வாங்கியதை, ஊரில் பாதியை விலைக்கு வாங்கக்கூடிய செல்வன் கேட்கக்கூட இல்லை.

வரலாற்று ஆசிரியன் என்ற முறையில் ஒரு குறிப்பு. 1948இல் லாஸ் ஏஞ்சலீஸில் மேயர் தேர்தல் நடைபெறவில்லை. 1945க்குப் பின் 1949இல்தான் நடந்தது. 1938 முதல் 1953 வரை பிளெட்சர் பௌரன் மேயராக இருந்தார். கார்ட்டரும் டெரலும் கற்பனை. புனைவுக்கு இந்த உரிமை உண்டு. ஆயின் போட்டியாளர் இருவரும் வெள்ளையர் என்பதும், ஈஸியின் தெருவில் அந்தத் தேர்தலைப் பற்றி ஆவலோடு பேசுவார் இல்லை என்பதும் கற்பனை அல்ல. அந்நகர மன்றத்தில் 1963 வரை கறுப்பு உறுப்பினர் ஒருவரும் இல்லை. அவ்வாண்டு உறுப்பினரானவர்களுள் ஒருவரான டாம் பிராட்லி 1973இல் மேயரானார். அவரும் ஈஸியைப் போல் டெக்சாஸிலிருந்து வந்தவர். 1940இல் அந்நகரக் காவல்துறையில் சேர்ந்து பணியாற்றியவர். கதையில் ஈஸியை அடிக்கும் அதே காவல்துறை.

இக்கதையை 1948ஆம் ஆண்டிலேயே படமாக எடுத்திருக்க முடியுமா? முடியாது. ஹாலிவுட்டின் தணிக்கை விதி, வெள்ளையர் கறுப்பர் உடலுறவைத் திரையில் காட்டுவதைத் தடை செய்திருந்தது; 1956இல்தான் அந்தத் தடை நீக்கப்பட்டது. நிறத்தை மறைத்து வாழும் பெண்ணைப் பற்றி 1949இல் எலியா கசான் இயக்கிய ‘பிங்கி’ வந்தது. அதில் கறுப்புப் பெண்ணாக நடித்தவர் ஜீன் கிரெய்ன் என்ற வெள்ளை நடிகை. வெள்ளைக் காதலன் அவளைத் தொடுவதைப் பார்வையாளர் பொறுத்துக்கொள்ள அதுவே வழி! டாஃப்னியாக நடித்த ஜெனிஃபர் பீல்ஸின் தந்தை கறுப்பர், தாய் ஐரிஷ் வம்சாவளி வெள்ளையர். அவர் திரையில் வரும்போது வெள்ளைப் பெண் என்று நினைத்துக்கொள்வது நாம்தான். அவர் அப்படி எங்கும் சொல்லிக்கொள்ளவில்லை.

குறையும் உண்டு. நாவலில் ஈஸிக்கும் டாஃப்னிக்கும் இடையே காதல் உறவு மலர்கிறது; படத்தில் அதை எடுத்துவிட்டனர். அதனால் கதை ஒழுங்காக ஓடுகிறது, ஆனால் டாஃப்னி மங்கிப்போகிறாள். இரண்டு பெயர்களைச் சுமந்து வாழ்வது எப்படி இருக்கும் என்று அவள் வாயிலிருந்து நாம் கேட்பது சில நிமிடங்கள் மட்டுமே. அவளைப் பற்றிய செய்தியை ஈஸியின் பின்னணிக் குரலே நமக்குச் சொல்லிவிடுகிறது. தலைப்பில் இருப்பவள் அவள். கதையில் அவளுக்கு ஓரிடமே. கறுப்பு ஆண் ஒருவன் தன் கதையைத் தானே சொல்லும் உரிமையைப் பெற்ற படத்தில், கறுப்புப் பெண்கள் இருவருள் ஒருத்தி கொலையுண்கிறாள், மற்றவள் காணாமற்போகிறாள். இது பழைய துப்பறியும் கதைகளின் வழக்கமே. அதை இவர்களும் மாற்றவில்லை.

ஹூஸ்டனிலிருந்து உதவிக்கு வரும் ‘மவுஸ்’ என்ற நண்பனைப் பற்றி எழுதினால் இன்னொரு கட்டுரை ஆகும். டான் சீடல் அந்தப் பாத்திரத்தில் நடித்து விமர்சகர் சங்கங்களின் பரிசுகளைப் பெற்றார். சிரித்த முகத்தோடு சுடுகிறவன். அவன் இல்லாவிட்டால் ஈஸி உயிரோடிருக்க மாட்டான். அவன் இருப்பதால் ஈஸிக்குத் தூக்கமும் இல்லை. சட்டம் காப்பாற்றாத தெருவில் மனிதன் யாரை நம்புவது என்ற கேள்வி மவுஸின் உருவில் வந்து நிற்கிறது. ஈஸி முடிவில் அதைத்தான் அண்டை வீட்டு முதியவரிடம் கேட்கிறான்.

படம் 1995 செப்டம்பர் 29 அன்று திரைக்கு வந்தது. நான்கு நாள் கழித்து, அக்டோபர் 3 அன்று, அதே லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் ஓ. ஜே. சிம்ப்சன் வழக்கின் தீர்ப்பு வந்தது. கறுப்பு நாயகன், வெள்ளையரான முன்னாள் மனைவி, கொலை, அந்நகரக் காவல்துறை என்று நாடு முழுவதும் தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்த வாரம் அது. திரையரங்கில் கூட்டம் சேரவில்லை. செலவிட்ட பணம் திரும்பவில்லை. தொடர்ச்சிப் படமும் எடுக்கப்படவில்லை. மோஸ்லி ஈஸி ராலின்ஸை நாயகனாக வைத்து மேலும் பல நாவல்கள் எழுதினார். அந்த வரிசையில் ஒன்று 1965 ஆகஸ்டில் 34 பேர் இறந்த வாட்ஸ் கலவரத்தின் நாட்களில் நிகழ்கிறது.

படத்தின் கடைசிக் காட்சியில் அந்தக் கலவரத்துக்கு இன்னும் பதினேழு ஆண்டுகள் இருக்கின்றன. கடன் தவணை கட்டியாயிற்று. ஈஸி திண்ணையில் நிற்கிறான். இனித் துப்பறிவதையே தொழிலாகக் கொள்வது என்று முடிவு செய்திருக்கிறான். தெருவில் பிள்ளைகள் ஓடுகின்றனர், ஒருவர் புல்லுக்குத் தண்ணீர் விடுகிறார், யாரோ காரை நிறுத்தி நலம் விசாரிக்கிறார்கள். கேமரா மெல்ல உயர்ந்து, வரிசையாக நிற்கும் அந்தச் சிறு வீடுகளைச் சற்று நேரம் காட்டுகிறது.